யாழ்ப்பாணத்துக்கு 30 வருசத் தண்ணித் திட்டம் போடுறதெண்டால் எங்க துடங்கோணும்

யாழ்ப்பாணத்தில தண்ணியப் பற்றிக் கதை துடங்கினால் ரெண்டு கதைதான் வரும், ஒண்டு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி, மற்றது கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்கிறது. ரெண்டும் வெளியில இருந்து கொண்டு வாற தண்ணி. எங்கட காலுக்குக் கீழ கிடக்கிற தண்ணிக்கு ஒரு கணக்கும் இல்லாமல் வெளியில இருந்து எவ்வளவு கொண்டு வந்தாலும் காணாது, அதைத்தான் இதில கொஞ்சம் விரிவாச் சொல்லப்போறன். ஊர்ச் சங்கமோ, பிரதேச சபை மெம்பரோ, கமக்காரர் அமைப்போ, ஆரெண்டாலும் "எங்கட பகுதிக்கு ஒரு நீண்டகாலத் திட்டம் போடுவம்" எண்டு இருந்தால் இந்த ஒழுங்கில போய்ப் பாருங்கோ.

முதல் எல்லையச் சரியாக் கீறோணும். திட்டம் எண்டவுடன எல்லாரும் பிரதேச செயலக மப்பத்தான் எடுப்பினம், அது பிழை. நிலத்தடித் தண்ணிக்கு பிரதேச சபை எல்லை தெரியாது. குடாநாட்டில நல்ல தண்ணி வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி எண்டு பெரிசா நாலு இடமாப் பிரிஞ்சு கிடக்கு, திட்டமும் அப்பிடித்தான் பிரியோணும். யாழ் நகரத்துப் பைப்புக்கு வாற தண்ணி கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளில இருந்துதான் கனகாலமா வருது, அந்தக் கிணறுகளுக்கு தண்ணி ஊறுற செம்மண் தோட்டங்கள் மாநகர சபை எல்லைக்கு வெளியில கிடக்கு. அப்ப தோட்டத்தில எவ்வளவு யூரியா போடுறம் எண்டது நகரத்தில இருக்கிற ஆக்களின்ர பிரச்சினையும்தான். ரெண்டு பகுதியையும் ஒரே மேசையில இருத்தாமல் திட்டம் எழுதினால் அது பேப்பரோட நிக்கும்.

அடுத்தது, தண்ணி கீழ எப்பிடி இருக்குது எண்டத கூட்டத்துக்கு வாற எல்லாருக்கும் விளங்கப்படுத்துங்கோ. இதுக்கு ஒரு பின்னேரம் செலவழிச்சாலும் பரவாயில்ல. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்ல, வழுக்கையாறு ஒண்டுதான் இருக்கு, அதுவும் மாரியில மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில விழுகிறது. மிச்சம் எல்லாம் மழை மண்ணுக்குள்ள இறங்கி சுண்ணாம்புக் கல்லு வெடிப்பு, பொந்துக்குள்ள நிக்கிற தண்ணி. சுத்தவர கடல் எண்டபடியால் அந்தக் கல்லுக்குள்ள கீழ உப்புத்தண்ணியும் கிடக்கு, நல்ல தண்ணி பாரம் குறைவு எண்டதால அதுக்கு மேல மிதக்குது. நம்பாத ஆக்களை புத்தூர் நிலாவரைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, மேல நல்ல தண்ணி, ஆழம் போகப் போக சவர், அதுக்கும் கீழ உப்பு. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டால் கடல்மட்டத்துக்குக் கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். கேக்கச் சந்தோசமா இருக்கும், ஆனா திருப்பிப் பாருங்கோ, மேல 1 அடி குறைஞ்சு அப்பிடியே நிண்டிட்டால் கீழ இருந்து உப்பு 40 அடி மேல வரப் பாக்கும். உடன வராது, வருசக்கணக்கில மெல்ல வரும், வந்தால் திரும்பிப் போகவும் அவ்வளவு காலம் எடுக்கும். அதாலதான் 5 வருசத் திட்டம் எங்களுக்குக் காணாது, 30 வருசமாவது முன்னுக்குப் பாக்கோணும்.

இனி அளக்கிறது. இதைத்தான் ஊர்மட்டத்தில ஆரும் செய்யிறேல்ல, எனக்கு உண்மையில கவலையும் இதிலதான். நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பல்கலைக்கழகம் எண்டு அளக்கிற இடங்கள் இருக்கு, அவையளிட்ட இருக்கிறதக் கேட்டு எடுங்கோ, ஆனா ஊர் தன்ர கிணறுகளத் தானே அளக்கோணும். பெரிய செலவில்ல. ஊருக்குள்ள பரவலா ஒரு 10, 15 கிணறு தெரிவு செய்யுங்கோ, கடற்கரைப் பக்கம் ரெண்டு, தோட்டத்துக்க நாலு, வீட்டுக் கிணறு கொஞ்சம், கோயில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு. கிணத்துக் கட்டில ஒரு இடத்தில பெயின்றால கோடு ஒண்டு போடுங்கோ, எப்பவும் அந்தக் கோட்டில இருந்துதான் அளவு. மீற்றர் ரேப்பின்ர நுனியில சின்னப் பாரம் கட்டி இறக்குங்கோ, தண்ணியில முட்டேக்க ரேப் கொஞ்சம் தளரும், சத்தமும் கேக்கும், அந்த அளவ எழுதுங்கோ. விடியப்புறம், மோட்டர் போட முதல் அளக்கோணும், மோட்டர் போட்டாப் பிறகு அளந்தால் அந்த இலக்கத்துக்குப் பிரியோசனம் இல்ல. மாசம் ஒருக்கா, ஒரே திகதி. அதே நேரம் வாளியில கொஞ்சம் தண்ணி அள்ளி டிடிஎஸ் மீற்றரால (தண்ணியில கரைஞ்சிருக்கிறத அளக்கிற சின்னக் கருவி) உப்பையும் பாத்து பக்கத்தில எழுதுங்கோ. முடியாட்டி வருசத்தில ரெண்டு தரமாவது அளக்கோணும், புரட்டாதியில மழைக்கு முதல் ஒருக்கா, மார்கழி முடிவில மழை விட்டாப் பிறகு ஒருக்கா. ஓஎல் படிக்கிற பிள்ளையளிட்ட குடுத்தால் பெரிய ஆக்களை விட ஒழுங்காச் செய்யுங்கள். நில அளவையாளர் ஒருத்தரப் பிடிச்சு ஒவ்வொரு கிணத்துக் கோடும் கடல்மட்டத்தில இருந்து எவ்வளவு உயரம் எண்டு ஒருக்கா எடுத்திட்டியள் எண்டால் மேல சொன்ன 40 அடிக் கணக்க உங்கட ஊருக்கே போட்டுப் பாக்கலாம்.

கேத்திலில வெள்ளையாப் படியிறதப் பாத்திட்டு "எங்கட கிணறு உப்பாப் போட்டுது" எண்டு கன பேர் சொல்லுவினம். அது சுண்ணாம்பு, கல்லுக்க நிக்கிற தண்ணியில இருக்கத்தான் செய்யும். சுண்ணாம்பும் மீற்றர் இலக்கத்தக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதால ஒரு மாசத்து இலக்கத்தப் பாத்துப் பயப்படாதேங்கோ. மாசத்துக்கு மாசம் ஏறுதா, முக்கியமா ஆடி ஆவணியில ஏறின இலக்கம் தையில திரும்பி இறங்குதா எண்டு பாருங்கோ. இறங்கேல்ல எண்டால் அந்தக் கிணத்தடியில இறைப்பக் குறைக்கோணும்.

அளவு கையில இருந்தால் கணக்குப் போடலாம். எங்களுக்கு வருசத்துக்கு சராசரியா 1200 மில்லிமீற்றருக்கு மேல மழை, அதில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கொட்டித் தீர்ந்திடும். மாவட்டம் ஏறக்குறைய 1000 சதுர கிலோமீற்றர் எண்டு வச்சால் விழுற மழை 120 கோடி கன மீற்றர். சனத்தொகை 2012 கணக்கெடுப்பில 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல, ஒரு ஆளுக்கு நாளைக்கு 120 லீற்றர் எண்டு தாராளமா வச்சாலும் வருசத்துக்கு ரெண்டரைக் கோடி கன மீற்றர்தான். விழுறதில நூறில ரெண்டு பங்கு! அப்ப மழை காணாது எண்டு சொல்ல ஏலாது. விழுறது மூண்டு மாசத்தில விழுந்து, கனக்க ஆவியாகி, கொஞ்சம் கடலுக்கு ஓடி, மிச்சம் கீழ இறங்கினத நாங்கள் தோட்டத்துக்கு இறைச்சு, ஊத்தையாக்கி வச்சிருக்கிறம், பிரச்சினை அங்கதான். உங்கட ஊருக்கும் இதே கணக்கப் போடுங்கோ, பரப்புக் கணக்கில (16 பரப்பு ஒரு ஏக்கர்) போட்டால் சனத்துக்கு உடன பிடிபடும், ஒரு பரப்புக் காணியில ஒரு வருசத்துக்கு 3 லட்சம் லீற்றர் மழை விழுகிறது.

இப்ப ஊத்தையின்ர பக்கத்துக்கு வருவம். திட்டம் எண்டால் அளவ மட்டும் பாக்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம், ஆனா குடாநாட்டில தண்ணி வத்த முதல் குடிக்க ஏலாமல் போறதுதான் கூட. முதலாவது நைத்திரேற்று. செம்மண் தோட்டத்தில போடுற உரமும், மலசலகூடக் குழியில இருந்து இறங்கிறதும் சேர்ந்து வாறது. நிறமில்ல, மணமில்ல, ருசியும் இல்ல. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலதில அதுக்கு மேல எண்டு திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கினம். கைக்குழந்தையளுக்கு பால்மா கரைக்கிற தண்ணியில இது கூட இருந்தால் ரத்தம் ஒட்சிசன் கொண்டு போறது குறைஞ்சு பிள்ளை நீலம் பூத்திடும். கொதிக்க வச்சால் சரி எண்டு நினைக்காதேங்கோ, கொதிக்கக் கொதிக்க தண்ணிதான் ஆவியாகும், நைத்திரேற்று அப்பிடியே நிண்டு இன்னும் செறியும். அதால திட்டத்தில முதல் வருசமே எழுதுங்கோ, கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிற எல்லா வீட்டுக் கிணறும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஊடாகப் பரிசோதிக்கிறது, கூட இருந்தால் அந்த வீட்டுக்கு வேற குடிதண்ணி.

ரெண்டாவது பிரச்சினை மலசலகூடக் குழி. முந்தி ஒரு வளவுக்குள்ள ஒரு வீடு, இப்ப ரெண்டு பரப்புக்க ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி, பக்கத்து வளவிலயும் அப்பிடியே. கிணத்துக்கும் குழிக்கும் குறைஞ்சது 50 அடி எண்டு பிஎச்ஐமார் சொல்லுவினம், உங்கட குழிக்கும் உங்கட கிணத்துக்கும் இடையில 50 அடி இருக்கும், உங்கட குழிக்கும் மதிலுக்கு அங்கால இருக்கிற கிணத்துக்கும் எவ்வளவு எண்டு ஆரும் அளக்கிறேல்ல. அதோட கல்லு வெடிப்புக்குள்ள தண்ணி வடிகட்டுப்படாமல் நேர ஓடும், மணலுக்க எண்டால் 50 அடி காணும், வெடிச்ச கல்லுக்க அது காணாது. அடி சீல் பண்ணின செப்ரிக் ராங்கியும், அள்ளுற பவுசரும் (தாங்கி லொறி), அள்ளினதச் சுத்திகரிக்க ஒரு இடமும் மூண்டும் சேர்ந்துதான் ஒரு திட்டம். பவுசர் மட்டும் வாங்கினால் ஊத்தை இடம் மாறும், அவ்வளவுதான்.

மூண்டாவது எண்ணெய். சுன்னாகத்தில மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளுக்குள்ள வந்து சனம் பட்ட பாடு, 2019இல உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது, ஆனா கிணறு கெட்டு எத்தினை வருசத்துக்குப் பிறகு அந்தத் தீர்ப்பு. அதால கராஜ், எரிபொருள் நிரப்பு நிலையம், வாகனம் கழுவுற இடம், இறைச்சிக்கடைக் கழிவு எல்லாத்தையும் கிணத்து மப்பில குறிச்சு, நல்ல தண்ணி தடிப்பா இருக்கிற இடத்தில புதுசா வர விடுறேல்ல எண்டு பிரதேச சபைத் தீர்மானமா எடுப்பியுங்கோ.

மழையப் பிடிக்கிறதுக்கு வருவம். குளம், கேணி, துரவு எல்லாம் சேர்த்தால் குடாநாட்டில ஆயிரத்தைத் தொடும், கன குளத்துக்கு பேர் மட்டும்தான் மிச்சம். குளம் தூர் வாருறது படம் எடுக்க நல்லா இருக்கும், ஆனா தூர் வார முதல் அந்தக் குளத்துக்கு தண்ணி வாற வாய்க்கால நடந்து பாருங்கோ. மதில் கட்டி மறிச்சிருக்கும், றோட்டுப் போடேக்க மதகு மூடியிருக்கும், ஆரோ குப்பை கொட்டியிருப்பினம். வாய்க்கால் இல்லாத குளம் வெறுங் கிடங்கு. பழைய நில அளவை மப்ப எடுத்து ஜிஎஸ்ஸோட (கிராம சேவகர்) நடந்து ஒவ்வொரு மறிப்பையும் குறிச்சு, மழை பெய்யிற அண்டைக்கு இன்னொருக்கா நடந்தால்தான் தண்ணி உண்மையில எங்கால போகுது எண்டு விளங்கும். தூர் வாரேக்க அடிமண் முழுக்க வழிச்சு கல்லு தெரியக் கிண்டாதேங்கோ, ஊத்தைய வடிக்கிறது அந்த மண்தான், கடற்கரைக்குக் கிட்ட எண்டால் ஆழம் கூடினால் சவர் மேல வந்திடும். கிணத்துக்குள்ள கூரைத் தண்ணி விடுறதெண்டாலும் முதல் மழைய வெளிய விட்டு, கல்லு மணல் போட்ட குழிக்கால வடிச்சுத்தான் விடோணும், றோட்டுத் தண்ணி கிணத்துக்குள்ள வேண்டவே வேண்டாம்.

குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் கூரைத் தண்ணி எவ்வளவு காணும் எண்டு சனத்துக்குத் தெரியாது. 1000 சதுர அடிக் கூரையில இழப்புப் போக வருசத்துக்கு கிட்டத்தட்ட 90 ஆயிரம் லீற்றர் பிடிக்கலாம். நாலு பேருக்கு குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லீற்றர், தை முடிவில இருந்து புரட்டாதி வரைக்கும் எட்டு மாசத்துக்கு 4800 லீற்றர். 5000 லீற்றர்த் தாங்கி ஒண்டு, மூடி, நுளம்பு போகாத வலை, அவ்வளவும்தான். கிணறு சவரான தீவுப்பகுதி வீடுகளுக்கும் நைத்திரேற்றுக் கூடின தோட்டத்து வீடுகளுக்கும் இதை முதல் குடுக்கோணும், ஏனெண்டால் பவுசர பாத்துக்கொண்டு இருக்கிறது அவையள்தான்.

பெரிய வேலை கடல்நீரேரியள். தொண்டைமானாறிலயும் அரியாலையிலயும் 1950களில தடுப்பணை கட்டினது, கடல்தண்ணி உள்ள வராமல் மறிச்சு மழைத்தண்ணியால உப்பக் கழுவி நீரேரிய நன்னீராக்கிறதுக்கு. 1954இல பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட திட்டத்தில ஆனையிறவு நீரேரியையும் நன்னீராக்கி, முள்ளியான் பக்கத்தால வாய்க்கால் வெட்டி வடமராட்சிக்குத் தண்ணி கொண்டு வாறதெண்டு இருந்தது, அந்த வாய்க்கால் முடியாமலே போட்டுது. இரணைமடுவுக்குத் தண்ணி கொண்டு வாற கனகராயன் ஆறு இண்டைக்கும் இரணைமடு நிரம்பி வழியேக்க ஆனையிறவாலதான் கடலுக்குப் போகுது, 2018 மார்கழியில கிளிநொச்சி வெள்ளத்தில எவ்வளவு போனதெண்டு பாத்திருப்பியள். இதுக்கு ஊர்மட்டத்தில என்ன செய்யலாம் எண்டால், தடுப்பணைக் கதவு எப்ப திறக்கிறது எப்ப பூட்டுறது எண்ட ஒழுங்க எழுத்தில கேளுங்கோ, கதவு ஒழுகுதா எண்டு பாருங்கோ, இறால் மீன் பிடிக்கிற ஆக்களை முதல் கூட்டத்திலயே கூப்பிடுங்கோ, நீரேரி நன்னீரானால் அவையின்ர தொழில் மாறும், அதுக்குப் பதில் இல்லாமல் போனால் கதவு பூட்டுப்படாது, அவையளில பிழையும் சொல்ல ஏலாது. வடமராட்சி கிழக்கில மணற்காடு, குடத்தனைப் பக்கத்து மணல்மேடுகள் நல்ல தண்ணிய வச்சிருக்கிற இடங்கள், அங்க மணல் அள்ளுறத நிப்பாட்டுறதும் தண்ணித் திட்டத்துக்குள்ளதான் வரோணும்.

தோட்டக்காரரோட கதைக்கேக்க மரியாதையாக் கதையுங்கோ, தண்ணிய கூட எடுக்கிறது அவையள் எண்டதால குற்றவாளி மாதிரி இருத்தக் கூடாது. துலாவால இறைச்ச காலத்தில கிணத்துக்கு ஓய்வு தானா இருந்தது, மோட்டர் வந்தாப் பிறகு இல்ல. மத்தியான வெயிலில பாத்தி நிரப்புறத விட்டு விடிய இல்லாட்டி பின்னேரம் இறைக்கிறது, ஒரேயடியா இறைக்காமல் விட்டு விட்டு இறைக்கிறது, வெங்காயத்துக்கு தூறல் பாசனம், மிளகாய்க்கு சொட்டுநீர், உரத்த ஒரே தரமாக் கொட்டாமல் பிரிச்சுப் போடுறது. இதால மோட்டர் செலவும் உரச் செலவும் குறையும் எண்டத ஒரு தோட்டத்தில செய்து காட்டினால் மற்றவை தாங்களே வருவினம். கிணத்துத் தண்ணியிலயே நைத்திரேற்று இருக்கு எண்டால் அதுவும் பயிருக்கு உரம்தான், அந்த அளவுக்கு யூரியாவக் குறைக்கலாம், இத கமநல சேவை நிலையத்தோட சேர்ந்து கணக்குப் போடுங்கோ. ஆழக் குழாய்க்கிணறு மட்டும் வேண்டாம், அது நேர உப்புக்குள்ள போய் இறங்கும், பக்கத்து நாலு கிணத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

கடைசியாத்தான் வெளித் தண்ணி. 2010இல ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோட வந்த திட்டத்தில இரணைமடுத் தண்ணி யாழ்ப்பாணம் வாறதா இருந்தது, கிளிநொச்சி விவசாயிகள் தங்கட வயலுக்கே காணாது எண்டு எதிர்த்தவை, அவையின்ர பயம் நியாயமானது, 2016, 2017 வறட்சிய நினைச்சால் விளங்கும். பிறகு தாளையடியில கடல்தண்ணிய நன்னீராக்கிற நிலையம் கட்டி 2024 ஆவணியில திறந்தது, நாளைக்கு 24 ஆயிரம் கன மீற்றர். மேல போட்ட கணக்கில எங்கட வீட்டுத் தேவையின்ர மூண்டில ஒரு பங்கு. நல்ல விசயம், ஆனா ஒரு கன மீற்றருக்கு 3, 4 யூனிற் கரண்ட் போகும், முழுக்க ஓடினால் நாளைக்கு 70 ஆயிரம் யூனிற்றுக்கு மேல, கரண்ட் விலை ஏறினால் தண்ணி விலையும் ஏறும், எங்கட ஊருக்கு 2022 கரண்ட் வெட்டு மறந்திருக்காது. அதோட பைப்பால வாற தண்ணி பாவிச்சு முடிய எங்க போகும்? குழிக்குள்ள. புதுசா வாற ஒவ்வொரு லீற்றரும் கழிவா அதே சுண்ணாம்புக் கல்லுக்குள்ளதான் இறங்கப்போகுது. பைப் வருது எண்டால் குழித் திட்டமும் அதோட சேர்ந்து வரோணும் எண்டு கேளுங்கோ, பைப் வந்தாப் பிறகு கிணத்த மூடுறதோ குப்பை போடுறதோ கூடாது எண்டும் எழுதுங்கோ.

இதெல்லாத்தையும் எழுதேக்க திகதிய விட கிணத்து அளவையே வச்சு எழுதுங்கோ. உதாரணத்துக்கு, தெரிவு செய்த கிணறுகளில பாதி போன வருசத்து ஆவணி அளவுக்குக் கீழ போனால் வாகனம் கழுவுறது நிப்பாட்டு, இன்னும் கீழ போனால் பவுசருக்குத் தண்ணி விக்கிறது நிப்பாட்டு, உப்பு நீங்கள் வச்ச எல்லைய தாண்டினால் அந்தக் கிணத்தடியில இறைப்பு நாள்விட்டு நாள். எந்த இலக்கத்துக்கு எந்த நடவடிக்கை, ஆர் அறிவிக்கிறது எண்டு நல்ல மழை பெய்த வருசத்திலயே கமக்காரர் அமைப்பும் பிரதேச சபையும் கையெழுத்து வச்சிடோணும், வறட்சியில இருந்து கதைச்சால் ஒருத்தரும் விட்டுக்குடுக்க மாட்டினம். மாச அளவ வாசிகசாலைப் பலகையில ஒட்டுங்கோ, கிணத்துக்காரர் பேர் வேண்டாம், இலக்கம் காணும். 5 வருசத்துக்கு ஒருக்கா முழுத் திட்டத்தையும் எடுத்து வச்சு அளவுகளோட ஒப்பிட்டு மாத்துங்கோ, தையில கூட்டம் வச்சால் மாரி அளவும் கையில இருக்கும், தோட்டக்காரருக்கும் அடுத்த போகத்துக்கு என்ன நடுறதெண்டு முடிவெடுக்க நேரம் இருக்கும்.